மொரிஸ் காருக்குக் கட்டவுட் தேடி

சேலத்தில் இறங்கிய அன்றே மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சிலோனா? அப்ப உங்க பூர்வீகம் நம்ம பக்கம் எந்த ஊருங்க?" டீக்கடைக்காரர் கேட்டார், ஆட்டோக்காரர் கேட்டார், என்னை வீட்டில் தங்கவைத்த லோகநாதனின் மனைவியும் கேட்டார். மலையகத் தமிழன் ஒருவன் தமிழ்நாட்டுக்கு வந்தால் பாட்டன் புறப்பட்ட ஊரைத் தேடித்தான் வந்திருப்பான் என்பது எல்லோருக்கும் முடிந்த முடிவு. அந்த ஊர் எதுவென்று எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. நான் வந்தது கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டிக்காக.

ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. தேயிலைத் தோட்டக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்களிடம் என்னைவிட இரண்டு வயது மூத்த மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார் ஒன்று இருக்கிறது. இலங்கையில் இது ஒன்றும் அதிசயமில்லை. புதுக் கார் வாங்க முடியாதவர்கள் பழைய காரைச் சாகவிடுவதில்லை. கண்ணில் படலம் விழுந்த பிறகு நான் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஓட்டுவது என் மனைவி இந்திராணி. காலையில் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் கூட்டி வருவாள். எங்கள் வீடு ஓடுவது அந்த வண்டியால்தான்.

ஆறு மாதமாக அந்த வண்டியில் மின்சாரம் வரும், போகும். சில நேரம் ஹெட்லைட் மங்கி, ஹோர்ன் கம்மி, என்ஜின் அணைந்துபோகும். சில நேரம் வெளிச்சம் கண் கூசுமளவுக்கு ஏறி, பல்ப் சுட்டுக் கருகிவிடும். "பல்ப் சுடுதா? அப்ப கட்டவுட்தான்" என்றார் ஹட்டன் பாஸ். எங்கள் ஊரில் மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். டைனமோவிலிருந்து வரும் மின்சாரம் கூடாமல் குறையாமல் பேட்டரிக்குப் போகப் பார்த்துக்கொள்ளும் பெட்டிதான் கட்டவுட். கண்டியில் ஒரு பழைய கட்டவுட் கிடைத்தது. மாட்டினோம். அதே கதை. "இதுவும் செத்தது. நல்லது வேணுமென்றால் இந்தியாவில்தான். அம்பாசிடர் நம்ம மொரிஸுக்குத் தம்பிதானே" என்றார் பாஸ்.

போன பள்ளித் தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு பனிமூட்டமான காலையில், நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள வளைவில் வண்டி செத்துப்போனது. லைட் இல்லை, ஹோர்ன் இல்லை. உள்ளே ஆறு பிள்ளைகள். இந்திராணி ஒவ்வொருவராக இறக்கி, மண்மேட்டுப் பக்கம் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, தன் மஞ்சள் குடையை விரித்து ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றாளாம். தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று குடையைப் பார்த்து பிரேக் அடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளே இரண்டு பிள்ளைகளை அவர்கள் வீட்டார் வேனில் சேர்த்துவிட்டார்கள். மற்ற நான்கு வீட்டிலும் "லீவு முடியறதுக்குள்ள வண்டியச் சரி பண்ணிருவீங்க தானே?" என்று கேட்டார்கள். "பண்ணிருவோம்" என்று சொன்னவன் நான். சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது. நான் சேலத்தில் இறங்கியது செவ்வாய்க்கிழமை.

லோகநாதனை எனக்குப் பழைய கார்க்காரர்களின் வாட்சப் குழு ஒன்றில்தான் பழக்கம். அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி போட்டிருக்கிறார். வாசலில் வெள்ளை அம்பாசிடர். நான் ஆசையோடு அதன் பொனட்டைப் பார்த்ததைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "அதுல இல்ல சார். டைனமோவத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டாச்சு. பழசெல்லாம் அப்பவே காயலான் கடைக்குப் போயிருச்சு. பயப்படாதீங்க, தேடுவோம்."

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் சித்திரையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும் காலைகள் உண்டு. இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. மத்தியானம் தறிகளின் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று நினைத்துப் படுத்தேன், நன்றாகவே தூங்கிவிட்டேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றதும்தான், அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்தேன். சாயங்காலம் லோகநாதன் தட்டுவடை செட் வாங்கித் தந்தார். இரண்டு மொறுமொறு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, இரண்டு வகைச் சட்னியைத் தடவித் தருகிறார்கள். முதல் கடியில் பாதி சட்டையில் விழுந்தது. இரண்டாவது செட்டை ஒழுங்காகச் சாப்பிட்டேன். மூன்றாவதும் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை லோகநாதனுக்குத் தறியில் வேலை. நான் தனியாகக் கிளம்பினேன். ஆட்டோக்காரரிடம், "கட்டவுட் விக்கிற கடைக்குப் போகணும்" என்றேன். "நல்ல கடையாவே போலாம் சார்" என்று உற்சாகமாகக் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் மாப்பிள்ளை பெண் படங்களும், கும்பிட்டபடி நிற்கும் தலைவர்களும் ஆளுயரத்துக்கு மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரைவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எத்தன அடி சார்? கல்யாணமா, காதுகுத்தா?"

"காருக்கு."

"கார் கூட நிக்கிற மாதிரியா? போட்டோ வச்சிருக்கீங்களா?"

நான் பையிலிருந்து பழைய கட்டவுட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். மாதிரிக்காக ஊரிலிருந்து கழற்றிக் கொண்டு வந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், ஆட்டோக்காரரைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்டோக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. "நீங்க வெளியூரு, எலெக்சனுக்கு வந்த ஆளுன்னு நெனச்சிட்டேன் சார்" என்றார். அதன் பிறகு அவரே பொறுப்பெடுத்துக்கொண்டு என்னை உதிரிப்பாகக் கடைகளுக்கு அழைத்துப் போனார். எட்டுக் கடைகள். எல்லோரும் பெட்டியை அன்போடு கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர், "இத மியூசியத்துல குடுங்க சார்" என்றார். யாரிடமும் இல்லை. ஆனால் மூன்று கடைகளில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: சங்ககிரியில் சென்னியப்பன், லாரி எலக்ட்ரீசியன், பழைய வண்டி என்றால் அவர்தான்.

வியாழக்கிழமை பேருந்தில் ஏறினேன். ஏறும்போது வாசலில் நின்றவரிடம் "சங்ககிரி போகுமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது அரை மணி நேரம் கழித்து நடத்துநர் வந்தபோதுதான் தெரிந்தது.

"இது திருச்செங்கோடு வண்டிங்க. சங்ககிரிக்கு ஆருங்க இப்புடிச் சுத்திப் போவாங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "சரி உடுங்க. ஏறியாச்சு. செங்கோட்டுல எறங்குனா உடனே வண்டி இருக்குதுங்க. சன்னலோரமா உக்காந்து ஊரப் பாத்துட்டு வாங்க."

பார்த்துக்கொண்டே போனேன். மரவள்ளிக் காடுகள், சோளத்தட்டுப் போர்கள், கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணை மறித்து நிற்கும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் தனித்தனிக் குன்றுகள் மட்டும். ஆட்டையாம்பட்டியில் பேருந்து நின்றபோது சன்னலுக்கு வெளியே ஒரு அம்மாள் முறுக்குப் பொட்டலங்களை நீட்டினார். ஒன்று வாங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர், "ஒண்ணு வாங்குனா ஊரு போய்ச் சேராதுங்க" என்றார். அவர் சொன்னது சரி. திருச்செங்கோடு வருவதற்குள் பொட்டலம் காலி. அதில் பாதி அவருடைய வேலை.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டி மாறி, சங்ககிரி போய்ச் சேரப் பதினொரு மணி ஆயிற்று. மலைக்கோட்டையின் கீழே, நெடுஞ்சாலையோரம் முழுக்க லாரிகள். பாடி கட்டும் பட்டறை, பெயிண்ட், டிங்கர், டயர், ஸ்பிரிங் பட்டை என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கடை. சென்னியப்பனின் கடை ஒரு புளியமரத்துக்கு அடியில் இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, மூன்று பேட்டரிகள். ஒரு லாரியின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஆருங்க?" என்று அந்தக் கால்கள் இருந்த பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இலங்கையில இருந்து வர்றேன். கட்டவுட் ஒண்ணு வேணும்."

கால்கள் அப்படியே நின்றன. பிறகு ஆள் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை. என்னிடமும் நீட்டிவிட்டுப் பெட்டியை வாங்கி மூடியைக் கழற்றினார். சார்ஜில் இருந்த பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து அதில் தொட்டார். உள்ளே 'டிக்' என்று ஒரு தகடு ஒட்டியது. எடுத்தார், தகடு விட்டது. நான்கைந்து முறை அப்படிச் செய்துவிட்டு மூடியைத் திருப்பி மாட்டினார்.

"இது நல்லா இருக்குதுங்க."

"இல்லீங்களே, இது கெட்டுப்போச்சுன்னுதானே..."

"இத மாத்தி வேறொண்ணு போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டோம். அதுவும் சரியில்ல. அதே கோளாறு."

"ரெண்டு பொட்டி மாத்தியும் அதே கோளாறுன்னா, கோளாறு பொட்டியில இல்லீங்கல்ல?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரி ஓட்டுநர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஊரில் நான்கு வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது நல்ல பெட்டி என்றால், திங்கட்கிழமைக்கு நான் எதைக் கொண்டு போவேன்?

சென்னியப்பன் இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "வண்டி ஓட்டறது நீங்களா?"

"இல்லீங்க. என் மனைவி."

"அப்ப உங்ககிட்டப் பேசி என்னங்க பண்றது? அவங்ககிட்ட அல்லங்க கேக்கோணும். போனப் போடுங்க."

வாட்சப்பில் வீடியோ அழைப்புப் போட்டேன். இந்திராணி அடுப்படியில் இருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், திரையில் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கக்கா, வணக்கமுங்க. வண்டி எப்ப நிக்குது, எப்ப நிக்கறதில்ல, அத மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுதோ எல்லாத்தையும் சொல்லுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"வேகமா போகையில நிக்கிறதில்லீங்க. ஏத்தத்துல நல்லா இழுக்கும். வளைவுல மெதுவாக்குறப்பதான் நிக்கும். அதுவும் லைட்டும் போட்டு, ஹோர்னும் அடிச்சா கட்டாயம் நிக்கும். பாலத்துக்குப் பக்கத்துல ஒரு குழி இருக்கு, அதுல எறங்குனா லைட் ஒரு வெட்டு வெட்டும். மழை பெஞ்ச மறுநாள் ரொம்ப மோசம். நின்னுருச்சுன்னா, நான் எறங்கி பொனட்டத் தொறந்து டப்புன்னு மூடுவேன். அந்த அதிர்ச்சிக்குத் திரும்ப உயிர் வந்துரும். அன்னைக்கு வளைவுல மட்டும் மூணு தடவ மூடியும் வரல."

சென்னியப்பன் கடலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "இத்தனையும் சார்கிட்டச் சொன்னீங்களா?"

"எத்தனையோ தடவ சொன்னேன். பெட்டியத் தேடிப் போறீங்களே, அது பெட்டியா இருக்காதுன்னும் சொன்னேன். அவரு பாஸ் சொல்றதத்தானே கேப்பாரு."

ஓட்டுநர்களில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். நான் நெடுஞ்சாலையைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. கிளம்புவதற்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள். "ஒனக்கு கரண்டப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு நான் பெட்டியைப் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "வண்டி வேகமா போறப்ப டைனமோவே சமாளிச்சுக்குதுங்க. மெதுவானா பேட்டரிகிட்டக் கேக்கோணும். அப்ப பேட்டரியிலிருந்து கரண்டு வர வழி இல்ல. பல்பு சுடறதும் அதனாலதானுங்க. டைனமோ அனுப்பறத வாங்கிக்கப் பேட்டரி இல்லாட்டி, அத்தனையும் பல்புக்குத்தான் போகும். எங்கியோ தொடுப்பு உட்டு உட்டுச் சேருது. அது எங்கன்னு பாத்துட்டா முடிஞ்சுதுங்க." பிறகு போனைப் பார்த்து, "அக்கா, கார்கிட்டப் போறீங்களா?"

இந்திராணி போனை எடுத்துக்கொண்டு போய் பொனட்டைத் திறந்து, ஒரு பிஸ்கட் டின்னின் மேல் சாய்த்து வைத்தாள். எங்களுக்குப் பாதித் திரையில் வானமும் மீதியில் அவளுடைய முழங்கையும் தெரிந்தன. ஹெட்லைட் பல்புக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. சுட்டுப்போகும் என்று நான் வாங்கி வைத்தவை ஒரு டசன் இருந்தன. அதில் ஒன்றில் இரண்டு ஒயரைச் சுற்றச் சொன்னார்.

"இப்ப பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வைங்க."

"பத்துது!"

சென்னியப்பன் துள்ளி எழுந்தார். "பத்துதுங்களா? ஒயர எடுங்க! ஒயர எடுங்க சாமி! தண்ணி ஊத்தாதீங்க, மண்ணு போடுங்க!"

"ஐயோ, இல்லீங்க, தீயில்ல" என்று நான் அவர் கையைப் பிடித்தேன். "எங்க ஊர்ல பல்ப் எரியறதத்தான் பத்துதும்போம்."

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டுநர்கள் இருவரும் டீயை வைத்துவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். இனி அவர்கள் போகப்போவதில்லை என்பது தெரிந்தது.

"சரீங்க, நல்லாப் பத்துதுங்களா?"

"பளிச்சுன்னு பத்துது."

"அப்ப பேட்டரி நல்ல பேட்டரி. பாடிக்குப் போற ஒயரு ப்ளஸ்ல இருந்தா, மைனஸ்ல இருந்தா?"

"ப்ளஸ்ல இருந்து."

"ஆகா, அந்தக் காலத்து வண்டிங்க" என்றார், உறவுக்காரரைக் கண்டதுபோல. "மைனஸ்ல ஒரு ஒயர் அப்புடியே இருக்கட்டும். இன்னொண்ணக் கொண்டுபோயி பாடித் தகரத்துல வைங்க."

"பத்தல."

"வேற எடத்துல?"

"எங்க வச்சாலும் பத்தலீங்க. எல்லா எடத்துலயும் பெயிண்டு."

"பெயிண்டச் சொரண்டுங்க."

நான் வாயைத் திறந்துவிட்டேன். "மெதுவாச் சொரண்டச் சொல்லுங்க, அது..." இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற புதிதில், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து நான் அந்த என்ஜின் அறைக்குக் கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தேன். ஒவ்வொரு சாமானையும் கழற்றி, துடைத்து, மூன்று பூச்சு. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இந்திராணி அடுப்படிக் கத்தியை எடுத்துவந்து ஒரு இடத்தில் கரகரவென்று சுரண்டினாள். சத்தம் சங்ககிரி வரை கேட்டது.

"இப்ப பத்துது. ஆனா மங்கலா. நடுங்குது."

சென்னியப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாட்டிக்கிச்சுங்க. அக்கா, பேட்டரி ப்ளஸ்ல இருந்து தடியா ஒரு பட்டை போயி பாடியில ஒரு போல்ட்டுல நிக்கும் பாருங்க. மொதல்ல பேட்டரிப் பக்கத்துத் தொடுப்புகளக் கழட்டிருங்க. அப்பறம் அந்த போல்ட்டக் கழட்டுங்க."

அதைக் கழற்ற அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. இறுகிப்போயிருந்தது. ஓட்டுநர்களில் ஒருவர், "ஸ்பேனர இடப்பக்கமாத் தட்டுங்க்கா" என்று யோசனை சொன்னார். அவள் தட்டினாள், விட்டது. போனைக் கையில் எடுத்து அந்த இடத்தைக் காட்டினாள். போல்ட்டுக்குக் கீழே, பட்டை உட்கார வேண்டிய இடத்தில், என்னுடைய கரும்பச்சைப் பெயிண்ட் வழவழவென்று இருந்தது. மூன்று பூச்சு. ஓட்டையின் விளிம்பில் மட்டும் துருவேறிய ஒரு கீற்று. பெயிண்ட் அடித்த நாள் முதல் அந்தக் கீற்று வழியாகத்தான் மின்சாரம் போய் வந்திருக்கிறது; துரு கூடக் கூடத்தான் இந்த ஆறு மாதத் தொல்லை. மழை பெய்தால் துருவேறி மறித்துவிடும். பொனட்டை ஓங்கி மூடினால் அசைந்து சேரும்.

"இத ஆருங்க பெயிண்ட் பண்ணுனது?" என்றார் சென்னியப்பன்.

இந்திராணி என்னைக் காட்டிக்கொடுக்காமல் துருவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "நான்தான்" என்றேன்.

"அழகா அடிச்சிருக்கறீங்க" என்றார் அவர், கேலியில்லாமல். "எர்த்து மேல மட்டும் அடிச்சிருக்கக் கூடாது."

இந்திராணி, நான் மிச்சம் வைத்திருந்த உப்புத்தாளை எடுத்துவந்து, தகரம் வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்த்தாள். பட்டையின் முனையையும் தேய்த்தாள். போல்ட்டை இறுக்கினாள். பேட்டரியின் தொடுப்புகளைத் திரும்ப மாட்டினாள். போனை வண்டியின் முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள். திரையில் எங்களுக்குத் தெரிந்தது துவைத்துக் காயப்போட்டிருந்த துணிகள்தான்; அந்தத் துணிகளின் மேல் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. ஹோர்னை அடித்தாள். கம்மல் இல்லை. முழுத் தொண்டையோடு அடித்தது. ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

சென்னியப்பன் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். "அக்கா, இன்னும் பிள்ளைங்கள ஏத்தாதீங்க. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இன்னொரு பட்டை இருக்கும், அதையும் கழட்டித் தேச்சு மாட்டோணும். நாளைக்குத் தனியா ஓட்டிப் பாருங்க. லைட்டு, வைப்பரு எல்லாத்தையும் போட்டுட்டு, மெதுவா அந்த வளைவுக்கே போங்க. அங்க நின்னாத்தான் நிக்கற வண்டி. அங்க நிக்கலீன்னா அப்பறம் நிக்காதுங்க."

ஊரிலிருந்து பரிசாகக் கொண்டு வந்த தேயிலைப் பொட்டலங்களில் இரண்டை அவரிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். பிறகு கடலையில் ஒரு பிடியை என் பையில் போட்டுவிட்டு, "வாரேனுங்க, வண்டிக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு" என்று லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் திரும்பவும் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை இந்திராணி ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தாள்: 'ரெண்டாவது பட்டையும் தேச்சிட்டேன், இப்ப போறேன், நான் கூப்பிடுற வரைக்கும் நீங்க கூப்பிடாதீங்க.' லோகநாதனுக்கு நாமக்கல்லில் ஒரு வேலை இருந்தது. அம்பாசிடரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். முன் சீட் எங்கள் வண்டியின் முன் சீட்டேதான், அதே அகலம், அதே சாய்வு. கண்ணை மூடினால் நோர்வூட் ரோடு. அன்று அது எனக்கு நல்லதாக இல்லை. ஒவ்வொரு முறை லோகநாதன் வேகத்தைக் குறைத்தபோதும் என் வலதுகால் தரையை மிதித்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் அவர்.

"தெரியுதுங்க. அங்க இருக்கிறதத்தான் நெனச்சேன்."

நாமக்கல்லில் அவர் வேலையைப் பார்க்கப் போனார். நான் மலைக்கோட்டையின் நிழல் விழுந்த பக்கம் நடந்தேன். ஒரே பாறை, ஊருக்கு நடுவில். முட்டை அட்டைகளை அடுக்கிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேகத்தடை வந்தால் ஓட்டுநர்கள் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஏற்றி இறக்கினார்கள். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். வீட்டிலிருந்து அந்த வளைவுக்குப் போய்வர அரை மணி நேரம் போதும். போனை எடுப்பேன், வைப்பேன். ஒரு முறை அவள் பெயரைத் தொட்டும்விட்டேன்; மணியடிக்கும் முன்பே துண்டித்தேன்.

லோகநாதன் வந்ததும் சாப்பிடப் போனோம். கலக்கி என்று ஒன்றைச் சொன்னார். முட்டையை அரைவேக்காட்டில், குழம்பு ஊற்றி, குழைவாகச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

"மூணு தடவ போயிட்டு வந்துட்டேன்" என்றாள் இந்திராணி. மூச்சு வாங்கியது. "முதல் தடவ பயமாத்தான் இருந்துச்சு. எல்லா லைட்டும் போட்டு, ஹோர்ன அடிச்சுக்கிட்டே மெதுவாக்குனேன். நிக்கல. ரெண்டாவது தடவயும் நிக்கல. மூணாவது தடவ வளைவு தாண்டி நானே ஓரமா நிப்பாட்டி, அணைச்சுட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். ஒரே இழுவையில வந்துச்சு."

லோகநாதன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"இந்திராணி, நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு லொறி போனது கேட்டது.

"கேட்டிருந்தா நீங்க சேலத்தப் பாத்திருக்க மாட்டீங்க தானே" என்றாள். "நல்லா சாப்பிடுங்க. அந்த முறுக்கப் பத்தி நேத்துச் சொன்னீங்க, அத வாங்கிட்டு வாங்க. நெறையா."

கலக்கியைச் சாப்பிட்டேன். இன்னொன்று சொன்னேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை எனக்கு எந்த வேலையும் இல்லை. தறிச் சத்தத்தில் மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். சாயங்காலம் லோகநாதன் குடும்பத்தோடு தட்டுவடை செட், சட்டையில் ஒரு துளி விழாமல். நல்ல பெட்டியை லோகநாதனிடமே கொடுத்துவிட்டேன். குழுவில் யாராவது கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் பொட்டலங்களோடு ஊர் திரும்பினேன்.

திங்கட்கிழமை விடியும்போது எங்கள் ஊர் முழுக்கப் பனிமூட்டம். நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் இந்திராணி. நான்கு பிள்ளைகள் ஏறினார்கள். ஐந்தாவதாக, வேனுக்குப் போன இருவரில் கவியா என்ற பிள்ளையின் அம்மா கேட்டருகே நின்று, ஹெட்லைட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகளை ஏற்றிவிட்டார். மற்றப் பிள்ளை வேனிலேயே இருந்துவிட்டது. வேனில் டிவி இருக்கிறதாம்.

பின்னால் முறுக்குக்குச் சண்டை. யாருக்கு எத்தனை சுற்று என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவு வந்தது. இந்திராணி ஹோர்னை அடித்தாள், கியரை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள். வெளிச்சம் பனிக்குள் சீராகப் போய் மண்மேட்டின் மேல் விழுந்து, திரும்பி, ரோட்டுக்கு வந்தது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் மட்டும் ஸ்டியரிங்கில் கொஞ்சம் தளர்ந்தன. வளைவைத் தாண்டிவிட்டோம் என்பதைப் பின்னால் இருந்த ஐந்து பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.